நின்றுபோன விளையாட்டு இதழ்களைப் பாதுகாத்து ஆவணமாக்குவது எப்படி

வீட்டு அலமாரியில் பழைய விளையாட்டு இதழ்கள் ஒரு கட்டு கிடந்தால், அவற்றைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்ற பேச்சு ஆண்டுக்கு ஒரு முறையாவது எழாமல் இருப்பதில்லை. அப்போது சொல்லப்படும் காரணமும் எப்போதும் ஒன்றுதான்: எல்லாம் இணையத்தில் இருக்கிறதே! இந்தக் காரணம் பாதி சரி, பாதி தவறு. தவறான பாதி எது என்பது தெரிந்தால்தான் எவற்றை வைத்துக்கொள்வது, எப்படி வைத்துக்கொள்வது, எவற்றைப் பற்றிக் கவலைப்படாமல் விடுவது என்பதை முடிவு செய்ய முடியும். ஆகவே பெட்டி வாங்குவதற்கும் ஸ்கேனர் தேடுவதற்கும் முன்னால், இந்த இதழ்கள் ஏன் நின்றன என்பதைச் சற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

இணையம் எடுத்துக்கொண்டதும் எடுக்காமல் விட்டதும்

வார இதழ் ஒன்றின் வேலை ஒரு காலத்தில் மிகத் தெளிவாக இருந்தது. வார இறுதியில் ஆட்டம் நடக்கும்; ஓரிரு நாட்களுக்குள் பக்கங்கள் அச்சுக்குப் போகும்; வார நடுவில் இதழ் வாசகர் கைக்கு வரும். முடிவு அவருக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றாலும், முழு ஸ்கோர் அட்டவணையும் வண்ணப் படங்களும் ஆட்டம் எங்கே திரும்பியது என்ற அலசலும் அந்த இதழில்தான் கிடைத்தன. தொலைக்காட்சி வந்தபோது இந்த ஏற்பாடு குலையவில்லை. ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் படிக்கவும் விரும்பினார்கள் என்பதால் விற்பனை கூடவே செய்தது. குலைத்தது இணையம்தான். கிரிக்கின்ஃபோ என்ற கிரிக்கெட் இணையதளம் 1993இல் தொடங்கிய பிறகு, பந்துக்குப் பந்து ஸ்கோர் வேண்டுமென்றால் எந்த இதழுக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை என்றாயிற்று. அடுத்ததாகப் படங்கள் போயின, பிறகு அலசலும் போயிற்று. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அடி, விளம்பரதாரர்கள் தேடுபொறிகளுக்கும் சமூக ஊடகங்களுக்கும் இடம்பெயர்ந்ததுதான். சந்தாப் பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு தாள், அச்சு, தபால் ஆகிய மூன்று செலவுகளையும் தாங்கக்கூடிய இதழ்கள் மிகச் சிலவே.

அதன் பின்னர் நடந்தவை பொதுப் பதிவில் உள்ளவை. 1886இல் தொடங்கிய அமெரிக்காவின் 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' 2012 டிசம்பரோடு அச்சை நிறுத்தியது. 1919 முதல் வெளிவந்த அர்ஜென்டினாவின் 'எல் கிராஃபிக்கோ' நூறாண்டை எட்டுவதற்குச் சற்று முன்னர், 2018 ஜனவரியில் மூடப்பட்டது. 1998இல் வந்த 'ஈஎஸ்பிஎன்' இதழ் 2019 செப்டம்பரில் நின்றது. 1954இல் தொடங்கி, உச்சத்தில் வாரம் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் போன 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்', 2018இல் இருவார இதழாகவும் 2020இல் மாத இதழாகவும் மெலிந்தது; 2024 ஜனவரியில், அதை வெளியிட்டு வந்த நிறுவனம் உரிமத் தொகையைக் கட்டாததால் உரிமமே ரத்தாகி, ஊழியர்களுக்குப் பணிநீக்க அறிவிப்பு போய், இரண்டு மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது.

இப்போது தவறான பாதிக்கு வருவோம். இணையக் காப்பகத்தில் ஓர் இதழ் இருக்கிறது என்பதற்கு அந்த இதழ் முழுவதும் இருக்கிறது என்று பொருளல்ல. 2001 ஜூனில், டாசினி என்ற எழுத்தாளரும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது: அச்சுக்காக எழுதித் தந்த தனி எழுத்தாளர்களின் கட்டுரைகளை அவர்களின் அனுமதியின்றி மின்னணுத் தரவுத்தளங்களில் சேர்க்கக் கூடாது. வழக்குக்கு உள்ளான கட்டுரைகளில் ஒன்று 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்ட'டில் வந்தது. தீர்ப்பைத் தொடர்ந்து ஏராளமான கட்டுரைகளைப் பதிப்பாளர்கள் தரவுத்தளங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். அச்சுப் பிரதியில் இருக்கும் கட்டுரை தரவுத்தளத்தில் இல்லாமல் போவது இப்படித்தான். இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. 2023 நவம்பரில், அதே இதழின் இணையதளத்தில் உலகில் இல்லாத ஆட்களின் பெயர்களிலும் கணினி வரைந்த முகங்களுடனும் பொருள் விமர்சனக் கட்டுரைகள் வெளியாகியிருப்பதாகச் செய்தி வந்தபோது, அவை வெளியார் நிறுவனம் ஒன்று தந்தவை என்று விளக்கம் சொல்லப்பட்டது. உரிய பக்கங்கள் நீக்கப்பட்டன. தளத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். அச்சாகி வீடு வந்து சேர்ந்த பக்கத்தை அப்படி எடுக்க முடியாது.

ஆகவே உங்கள் கட்டில் உள்ள ஸ்கோர் அட்டவணைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அவை வேறெங்கும் கிடைக்கும். நீண்ட கட்டுரைகள், வாசகர் கடிதங்கள், விளம்பரங்கள், ஆசிரியர் குழுப் பட்டியல், சந்தாப் படிவம் ஆகியவைதாம் அரியவை.

கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்

முதல் விதி, வெட்டாமல் இருப்பது. பள்ளி நாட்களில் நான் இதழ்களிலிருந்து வீரர்களின் படங்களை வெட்டி நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்தேன். அந்த நோட்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது. பசை தடவிய இடமெல்லாம் பழுப்பேறி, படங்களின் மேல் பசையின் கோடுகள் தெரிகின்றன. அதைவிட வருத்தம் தருவது, படத்துக்குப் பின்புறம் எந்தக் கட்டுரை இருந்தது, அது எந்த ஆண்டு இதழ் என்பது எதுவுமே இப்போது தெரியாமல் போனதுதான். ஒரு பக்கத்தின் மேல் ஓரத்தில் ஒரு நேர்காணலின் கடைசி நான்கு வரிகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. பேசியவர் யார் என்பது மறுபக்கத்துப் படத்தோடு நோட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பைண்டிங் செய்வதும் ஒருவகையில் வெட்டுதான். ஓர் ஆண்டு இதழ்களை ஒரே தொகுதியாகத் தைத்து வைப்பது பார்வைக்கு அழகாக இருக்கும் என்று நம்பி, ஒருமுறை பைண்டரிடம் கொடுத்தேன். அவர் தம் வழக்கப்படி அட்டைகளையும் முழுப்பக்க விளம்பரங்களையும் தேவையற்றவை என்று கழித்து, மூன்று பக்க ஓரங்களையும் சீராக வெட்டி, தடித்த அட்டை போட்டுத் தந்தார். பல பக்கங்களில் பக்க எண்ணே வெட்டுப்பட்டிருந்தது. பழைய நூலகங்கள் பலவும் இப்படித்தான் செய்தன. அதனால் நூலகத்தில் இருக்கும் தொகுதியில் அட்டை இல்லாமலும், தனி ஒருவரிடம் இருக்கும் உதிரிப் பிரதியில் அட்டை இருந்தும் நாம் பார்க்க நேர்கிறது.

இதழோடு இலவசமாக வந்தவற்றை இதழின் உறுப்பாகவே கருத வேண்டும். நடுப்பக்கச் சுவரொட்டி, தொடர் தொடங்கும்போது தரப்படும் அட்டவணை மடிப்பு, ஒட்டும் படங்கள் எல்லாம் இதில் அடங்கும். 1969 முதல் 2008 வரை வெளிவந்த இங்கிலாந்தின் 'ஷூட்' இதழ், பருவத் தொடக்கத்தில் ஒவ்வோர் அணிக்கும் சிறிய அட்டைத் துண்டும், அவற்றைச் செருகி வைக்கத் துளையிட்ட தரவரிசை அட்டையும் தரும். வாரந்தோறும் முடிவுகளைப் பார்த்துத் துண்டுகளை மேலும் கீழும் மாற்றிச் செருகிக்கொள்ளலாம். தரவரிசை நொடிக்கு நொடி தானாக மாறும் திரைக்கு முந்திய காலத்தில் வாசகர் அதை எப்படிக் கைப்படப் பின்தொடர்ந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. இப்படிப்பட்ட துண்டுகளைத் தனி உறையிலிட்டு, எந்த இதழோடு வந்தவை என்று உறையின் மேல் பென்சிலால் எழுதி, அதே இதழின் அருகிலேயே வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும்.

பட்டியல்

கட்டைப் பிரித்தவுடன் காலவரிசையில் அடுக்கி, ஒரு விரிதாளில் பட்டியல் எழுதுங்கள். இதழின் பெயர், அட்டையில் உள்ள தேதி, மலர் எண், இதழ் எண், பக்கங்களின் எண்ணிக்கை, காணாமல் போன பக்கங்கள், இணைப்புகள், நிலை ஆகியவை போதும். அட்டைத் தேதியை மட்டும் நம்பிவிடக் கூடாது. கடையில் பழைய இதழாகத் தெரியாமல் இருப்பதற்காகப் பல இதழ்கள், குறிப்பாக மாத இதழ்கள், விற்பனைக்கு வரும் நாளைவிடப் பிந்திய தேதியைத்தான் அட்டையில் போட்டன. மலர் எண்ணும் இதழ் எண்ணும்தான் வரிசையை உறுதி செய்யும். இதழ் இடையில் ஒரு வாரம் வெளிவராமல் போயிற்றா, அல்லது உங்களிடம்தான் ஒரு பிரதி இல்லையா என்பதையும் அந்த எண்களே சொல்லும்.

பெயர் மாற்றங்கள் இதைவிடச் சிக்கலானவை. பெல்ஹாம் வார்னர் 1921இல் தொடங்கிய 'தி கிரிக்கெட்டர்', 2003இல் 'விஸ்டன் கிரிக்கெட் மந்த்லி'யோடு இணைந்து 'தி விஸ்டன் கிரிக்கெட்டர்' ஆகி, 2011இல் மறுபடியும் 'தி கிரிக்கெட்டர்' என்ற பெயருக்கே திரும்பியது. 1979இல் பிறந்து அந்த இணைப்பில் மறைந்த 'விஸ்டன் கிரிக்கெட் மந்த்லி', 2017இல் அதே பெயரில் மீண்டும் புறப்பட்டது. இவற்றையெல்லாம் ஒரே தலைப்பின்கீழ் போட்டால் பிறகு யாருக்கும் விளங்காது. அட்டையில் அன்று என்ன பெயர் இருந்ததோ அதையே எழுதி, முந்தைய பெயரையும் பிந்தைய பெயரையும் விரிதாளின் தனி நெடுவரிசையில் குறியுங்கள்.

தாள், கம்பிப் பின், பசை

விளையாட்டு இதழ்களில் பெரும்பாலும் இரண்டு வகைத் தாள்களைக் காணலாம். உள்பக்கங்கள் செய்தித்தாள் வகையைச் சேர்ந்தவை என்றால், மரக்கூழில் உள்ள லிக்னின் ஒளியாலும் காற்றாலும் பழுப்பேறி, நாளடைவில் அமிலத்தால் தாள் நொறுங்கும். பளபளப்பான பூச்சுத் தாள் என்றால் பழுப்பேறுவது குறைவு, ஆனால் அதற்கு எமன் தண்ணீர். நனைந்த பூச்சுத் தாள் உலரும்போது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகிவிடும். அப்படி ஒட்டிய பக்கங்களைப் பிரிக்க முயன்றால் அச்சு உரிந்து வரும். ஆகவே இதழ் நனைந்துவிட்டால் உலர விடாமல், சில மணி நேரத்துக்குள் பிளாஸ்டிக் உறையிலிட்டு ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். பின்னர் நிதானமாக, தாள் பாதுகாப்பு தெரிந்தவர்களிடம் கேட்டு, அடுத்து என்ன செய்வதென்று முடிவு செய்யலாம். நனைந்தது ஓரிரு இதழ்கள்தான் என்றால், பக்கங்களுக்கு இடையில் மெழுகுத்தாளைச் செருகி, மின்விசிறிக் காற்றில் வைத்து அருகிலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம். முடியை உலர்த்தும் கருவியை எடுக்கக் கூடாது.

ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள்ளும் வெப்பம் சுமார் 20 பாகை செல்சியஸை ஒட்டியும் இருந்தால் சிறப்பு. இந்த அளவு எல்லா வீட்டிலும் வாய்க்காது என்பது எனக்கும் தெரியும். அளவைவிட முக்கியமானது ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது. எனவே பரணையும் நிலவறையையும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியையும் தவிர்த்து, வீட்டின் நடு அறையில், தரையிலிருந்து ஒரு சாணாவது உயரத்தில், வெயில் படாமல் வையுங்கள். இதழ்களைப் படுக்கையாக, பத்துப் பதினைந்துக்கு மேல் போகாமல் அடுக்குவது நல்லது. மெல்லிய இதழ்களை நிற்க வைத்தால் வளைந்துவிடும். பெட்டி அமிலமற்ற அட்டையால் ஆனதாகவும், உறை பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீனால் ஆனதாகவும் இருக்க வேண்டும். பிவிசி உறை நாளாக ஆக இளகி, மையைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். ரப்பர் வளையம், ஒட்டுநாடா, லேமினேஷன் ஆகிய மூன்றும் ஆகாது. லேமினேஷன் செய்தால் பாதுகாப்பு என்று இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதை மீண்டும் பிரிக்கவே முடியாது என்பதோடு, செய்யும்போது படும் சூடும் தாளுக்குக் கெடுதல்தான். அந்துருண்டையும் வேண்டாம்; பூச்சி வராமல் இருக்கத் தூய்மையும் காற்றோட்டமும் போதும்.

இனி, இதழைத் தைத்திருக்கும் கம்பிப் பின். மடித்துப் பின்னடித்த இதழின் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு பின்களின் நான்கு நுனிகளும் உள்நோக்கி மடிந்திருக்கும். ஒவ்வொரு நுனியைச் சுற்றியும் காப்பித் தூள் நிறத்தில் ஒரு வட்டம் பரவியிருந்தால் துரு தொடங்கிவிட்டது என்று அறியலாம். அந்த வட்டம் நடுப்பக்கத்தோடு நிற்பதில்லை, ஒவ்வொரு தாளாகத் துளை வழியே வெளிநோக்கிப் போகும். மழுங்கிய கத்தி முனையால் நான்கு நுனிகளையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, இதழை மூடித் திருப்பி, வெளிப்புறமாகப் பின்னை மெல்ல எடுங்கள். உள்ளிருந்து இழுத்தால் அட்டையின் முதுகு கிழியும். பின் எடுத்த இதழை அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துத் தளர்வாகக் கட்டலாம், அல்லது உறையில் அப்படியே வைக்கலாம். துரு இல்லாத பின்னைத் தொட வேண்டாம்.

பசையிட்டு முதுகு ஒட்டிய தடித்த இதழ்களில் பின் இருக்காது, ஆனால் பழைய பசை உலர்ந்து உடையும். அவற்றைப் படுக்க வைத்து அழுத்தித் திறந்தால் பக்கங்கள் கழன்று வந்துவிடும்.

ஸ்கேன் செய்தல்

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யத் தேவையில்லை. வேறு எங்கும் இல்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டியின் உபரித் தொகையில் உருவான எல்ஏ84 அறக்கட்டளை, பழைய விளையாட்டு இதழ்கள் பலவற்றை மின்வடிவில் தந்திருக்கிறது. அவற்றில் உள்ளதை நீங்கள் மீண்டும் உழைத்து எடுக்க வேண்டாம்.

எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். படங்கள் நிறைந்த விளையாட்டு இதழுக்கு அது போதாது. அச்சுப் படங்கள் சிறு புள்ளிகளால் ஆனவை. அந்தப் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் புள்ளி வரிசையும் மோதும்போது வீரரின் சட்டையில் இல்லாத அலைக்கோலம் தோன்றும். 600 புள்ளிகளில் எடுத்துப் பிறகு சிறிதாக்கினால் அது பெரும்பாலும் மறையும். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து தெரிந்தால் பக்கத்தின் பின்னால் கறுப்புத் தாள் ஒன்றை வைத்து எடுங்கள், தெரிவது நின்றுவிடும். இரு பக்கங்களில் விரியும் படங்களை ஒரே கோப்பாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். பசை முதுகு கொண்ட இதழ்களைக் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தாமல், பாதி திறந்த நிலையில் மேலிருந்து கேமராவால் எடுப்பது பாதுகாப்பு.

மூலக்கோப்பை டிஃப் (TIFF) படக்கோப்பு வடிவில் வைத்து, படிப்பதற்குத் தனியாக பிடிஎஃப் செய்யுங்கள். எழுத்துணரி மென்பொருள், மூன்று நான்கு பத்தியாக ஓடும் பக்கங்களில் வரிகளைக் குழப்பும். ஸ்கோர் அட்டவணையை அதனிடம் ஒப்படைத்தால் எட்டு மூன்றாகும், ஒன்று எழுத்தாகும். கட்டுரைத் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் கையால் தட்டச்சிடுவதே, தேடும்போது அதிகப் பயன் தரும். கோப்புப் பெயரில் இதழின் பெயர், ஆண்டு, மாதம், நாள், பக்க எண் ஆகியவை இதே வரிசையில் இருக்கட்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறொரு கட்டடத்தில் என்பது பழைய விதி. அதை மீறிப் பட்டவர்கள் பலர்.

சரிவை இதழிலேயே படித்தல்

பட்டியல் முடிந்தபின் கிடைக்கும் சுவையான வேலை இது. ஒரே இதழின் இரண்டு ஆண்டுகளை, பத்தாண்டு இடைவெளியில் எடுத்து அருகருகே அடுக்கிப் பாருங்கள். எதையும் படிக்காமலேயே உயரம் கதை சொல்லும். பிறகு விளம்பரப் பக்கங்களை மட்டும் எண்ணுங்கள். முதலில் குறைவது பெரிய நிறுவனங்களின் வண்ண விளம்பரம். அந்த இடத்தை இதழின் சொந்தச் சந்தா அறிவிப்பு நிரப்பும். ஆசிரியர் குழுப் பட்டியலில் பெயர்கள் சுருங்குவதும், புகைப்படக்காரர் பெயருக்குப் பதிலாகப் பட முகமைகளின் பெயர் வருவதும், வாசகர் கடிதம் இரண்டு பக்கத்திலிருந்து அரைப் பக்கமாவதும் அடுத்தடுத்து நடக்கும். வார இதழ் இருவார இதழாகும்போது, அது செலவைக் குறைக்கும் முடிவு என்று ஆசிரியர் எழுத மாட்டார். இன்னும் ஆழமான கட்டுரைகளைத் தருவதற்காக என்றுதான் எழுதுவார். அந்தக் குறிப்பு உள்ள பக்கத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். கடைசி இதழில் சந்தாப் படிவம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், மூடும் முடிவு பக்கங்கள் அச்சுக்குப் போன பிறகுதான் உறுதியாயிற்று என்று ஊகிக்கலாம்.

அச்சில் இருப்பதால் எல்லாம் உண்மை என்று கொள்ளவும் கூடாது. 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்ட'டின் 1985 ஏப்ரல் 1 இதழில், மணிக்கு 168 மைல் வேகத்தில் பந்தெறியும் சிட் ஃபிஞ்ச் என்ற பேஸ்பால் வீரரைப் பற்றிப் படங்களுடன் ஒரு நீண்ட கட்டுரை வந்தது. அப்படி ஒருவர் இல்லவே இல்லை. தலைப்புக்குக் கீழிருந்த அறிமுக வரிகளின் சொற்களில் முதலெழுத்துகளைக் கோத்தால் முட்டாள்கள் தின வாழ்த்து வரும். பின்னர் வந்த இதழ்களைப் பார்த்தால்தான் இதழே அதை ஒப்புக்கொண்டது தெரியும். உதிரி இதழைவிட வரிசை இதழுக்கு மதிப்புக் கூடுதல் என்று சேகரிப்பாளர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உரிமையும் ஒப்படைப்பும்

தனிப்பட்ட படிப்புக்காக ஸ்கேன் செய்வதற்கும் அதைப் பொதுவில் ஏற்றுவதற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. இதழ் நின்றுவிட்டதால் பதிப்புரிமை நின்றுவிடுவதில்லை. பெயரை வாங்கிய நிறுவனமும், படம் எடுத்த முகமையும், டாசினி தீர்ப்பில் பார்த்ததுபோல எழுதியவரும் தனித்தனி உரிமையாளர்களாக இருக்கக்கூடும். காப்புக் காலமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. எனவே பொதுவில் வைக்க விரும்பினால் பட்டியலை மட்டும் வையுங்கள். எந்த இதழின் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதே ஆய்வாளர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

தொகுப்பை ஒருநாள் நூலகத்துக்கோ விளையாட்டு அருங்காட்சியகத்துக்கோ கொடுக்க எண்ணினால், பெட்டிகளோடு வாசலில் போய் நிற்காதீர்கள். அவர்களிடம் இடம் இருக்காது, பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். முதலில் பட்டியலை அனுப்பி, அவர்களுடைய தொகுப்பில் விடுபட்ட மலர் எண்களும் இதழ் எண்களும் எவை என்று கேளுங்கள். அவர்களிடம் அட்டையில்லாத பைண்டிங் தொகுதிகள்தான் இருக்கின்றன என்றால், அதையும் கேட்டு உறுதி செய்துகொண்டு, அட்டையும் விளம்பரமும் கெடாத உங்கள் பிரதிகளை அந்த வரிசையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள்.